‘பார்க்கலாம்’ என்று சொன்ன பிறகு நடந்தவை

பதினோரு ஆண்டுகளாக அலுவலக வேலையில் இருக்கிறேன். இத்தனை காலத்தில் என்னை அதிகம் சிக்கலில் மாட்டிவிட்ட சொல் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் ‘பார்க்கலாம்’ என்பேன். சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை, கணினியை அணைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தபோது, மூத்தவரான பக்கத்து மேசைக்காரர் வந்து, திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய அறிக்கையின் அட்டவணைகளைச் சரிபார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். என்னால் முடியாது என்பது அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது, “கொஞ்சம் வேலை இருக்கிறது சார், பார்க்கலாம்” என்பதுதான். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றியிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். மறுப்பைக் கேட்ட எவரும் அவ்வளவு நிம்மதியான முகத்தோடு நன்றி சொல்வதில்லை. திங்கட்கிழமை காலை அவர் வந்து நின்றபோது என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் கோபப்படவில்லை. “முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு யாரையாவது கேட்டிருப்பேனேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாமே அட்டவணைகளைத் திறந்தார்.

பள்ளி இலக்கணத்தில் எண்வகை விடை என்று படித்தது அன்று மாலை வீடு திரும்பும்போது நினைவுக்கு வந்தது. “பாடுவாயா?” என்று கேட்டால், “மாட்டேன்” என்பது மறை, “தொண்டை வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல், “தொண்டை வலிக்கும்” என்பது உறுவது கூறல், “ஆடுவேன்” என்பது இனமொழி. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள், மற்ற ஐந்தும் சுற்றி வந்து விடையாகின்றவை என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். நாம் பெரும்பாலும் அந்த ஐந்தில்தான் குடியிருக்கிறோம். அதில் தவறும் இல்லை, ஏனென்றால் தொண்டை வலிக்கிறது என்றால் பாட மாட்டார் என்பது கேட்டவருக்குப் புரிந்துவிடுகிறது. என்னுடைய ‘பார்க்கலாம்’ அந்த எட்டில் எதிலுமே அடங்காது. சொன்னவருக்கு அது மறுப்பு, கேட்டவருக்கு அது சம்மதம்.

அதன்பிறகு மறுப்பதற்கு ஒரு முறையைப் பழகிக்கொண்டேன். ‘முடியாது’ என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். என்னால் செய்ய முடிந்தது ஏதாவது இருந்தால் அதைக் கடைசியில் சொல்ல வேண்டும். காரணம் ஒன்றுக்கு மேல் போனால் பேரம் தொடங்கிவிடுகிறது. வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை, இணைய இணைப்பும் சரியாக இல்லை என்று மூன்றை அடுக்கினால், எதிரில் இருப்பவர் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தீர்த்து வைக்க முனைவார். தீர்த்துவிட்டால் நமக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள். மறுப்பதைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

* * *

நான் செவிலியர். ‘பார்க்கலாம்’ போலவே எங்கள் வேலையில் ஒரு வாக்கியம் உண்டு: “வேறு ஒன்றும் இல்லையே?” அக்கறையோடுதான் கேட்கிறோம், ஆனால் அந்த வாக்கியத்திலேயே விடையும் அடங்கியிருக்கிறது. ஒரு நாள், முழங்கால் வலிக்காக வந்த ஒரு பாட்டியிடம் இரத்த அழுத்தம் பார்த்து, விவரங்களைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல அதையே கேட்டேன். “இல்லம்மா” என்றார். எழுந்து, நடந்து, கதவின் பிடியில் கையை வைத்த பிறகு, “இரண்டு வாரமாகப் படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது, அதுவும் வயதாகிவிட்டதால்தான் இருக்கும், இல்லையா?” என்றார். அவரைத் திரும்ப உட்கார வைத்துக் கேட்டால், அந்த இரண்டு வாரத்தில் ஒரு முறை விழுந்தும் இருக்கிறார். கதவருகே வந்த பிறகுதான் முக்கியமானது வெளியே வரும் என்பது மருத்துவத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் அதை நோயாளிகளின் தயக்கம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். என் கேள்வியின் குறை என்று நினைக்கவில்லை.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில், 2007இல் அமெரிக்காவில் ஜான் ஹெரிடேஜும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஒன்றுக்கு மேற்பட்ட தொல்லைகளோடு வந்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் சிலர் ‘இல்லை’ என்ற பதிலை எதிர்பார்க்கும் தொனியுள்ள சொல்லாலும், மற்றவர்கள் ‘உண்டு’ என்ற பதிலுக்கு இடம் கொடுக்கும் சொல்லாலும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘any’ என்பதற்குப் பதில் ‘some’, ஒரே ஒரு சொல்தான் வேறுபாடு. இரண்டாவது விதத்தில், சொல்லப்படாமல் போகும் தொல்லைகள் 78 விழுக்காடு குறைந்தன. அதனால் சந்திப்பின் நேரம் நீளவும் இல்லை. தமிழில் அந்த ஒற்றைச் சொல் எது என்று சில நாள்கள் யோசித்து, “இன்னும் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தீர்கள்?” என்று கேட்கத் தொடங்கினேன். ‘வந்தீர்கள்’ என்பதில்தான் அதன் பலம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது மனத்தில் வைத்திருந்த பட்டியலை அது எழுப்பிவிடுகிறது. எல்லோரும் பதில் சொல்வதில்லை. ஆனால் கதவருகே நின்று பேசுபவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

* * *

ஆசிரியராக இருப்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஓர் உத்திதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்றும் 1970களில் எழுதினார். மூன்று நொடி என்பது எண்ணிப் பார்த்தால் மிகவும் நீளம். முதல் வாரம் நான் மேசைக்கு அடியில் விரல் மடக்கி எண்ணினேன். இப்போது பெற்றோரிடமும் அப்படியே காத்திருக்கிறேன். சிலர் நான் கேள்வியை மறந்துவிட்டேனோ என்று பார்க்கிறார்கள்.

* * *

உத்திகள் வேலை செய்யாத கதை ஒன்றும் இங்கே இருக்கட்டும். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் உட்கார வைத்தார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதை நம் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்க வேண்டும்; அப்போதுதான் நாம் கேட்டோம் என்பது அவருக்குத் தெரியும் என்றார்கள். கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற உளவியலாளர்கள் 1957இல் ‘ஆக்டிவ் லிசனிங்’ என்று பெயரிட்டுப் பரப்பிய வழிமுறை இது. அன்று இரவே என் மகள் வேலையிலிருந்து சோர்ந்து வந்து, மேலாளர் எல்லார் முன்னிலையிலும் தன்னை எப்படிப் பேசினார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முகத்தைச் சரிசெய்துகொண்டு, “அதாவது, உன் மேலாளர் உன்னை மதிக்கவில்லை என்று நீ உணர்கிறாய், அப்படித்தானே?” என்றேன். அவள் சொல்வதை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். “அப்பா, யார் உங்களுக்கு இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தது?”

அந்த வழிமுறையைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அறிமுகமில்லாதவர்களிடமும் தகவல் பிசகக் கூடாத இடங்களிலும் அது மிகவும் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அது ஒப்பனை போட்டுக்கொண்டு வந்து நிற்பதுபோல் இருக்கிறது. நம்மிடம் ஏற்கெனவே உம் கொட்டுதல் என்று ஒன்று இருக்கிறது. கதை கேட்கும் குழந்தை உம் கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார். மறுநாள் அவள் பேசியபோது ‘ம்’, ‘அடடா’, ‘அப்புறம்?’ ஆகிய மூன்றைத் தவிர நான் வேறு எதுவும் சொல்லவில்லை. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பேசினாள். முடிவில் என்ன செய்யப் போகிறாள் என்பதையும் அவளே சொல்லிவிட்டாள்.

இன்னொரு பாடம் மட்டும் வீட்டிலும் உதவியது. குற்றம் சாட்டும் ‘நீ’ வாக்கியத்தை, நம் நிலையைச் சொல்லும் ‘நான்’ வாக்கியமாக மாற்றுவது. தாமஸ் கார்டன் என்ற உளவியலாளர் சொன்னது. “எப்போதும் இப்படித்தான் தாமதமாக வருகிறாய், ஒரு தகவலும் சொல்வதில்லை” என்பது என் பழைய வாக்கியம். “ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது” என்பது புதியது. முதல் வாக்கியத்தில் ‘எப்போதும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, சென்ற புதன்கிழமை தான் சீக்கிரம் வந்ததை அவள் நினைவூட்டுவாள். பிறகு பேச்சு முழுவதும் புதன்கிழமையைப் பற்றியே போகும். பயமாக இருக்கிறது என்பதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. இப்போது கிளம்பும்போது ஒரு செய்தி அனுப்புகிறாள், பெரும்பாலும்.

* * *

தொலைபேசியில் புகார்களைக் கேட்பது என் வேலை. தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு இருப்பதால் எனக்குக் கிடைத்த அடியைச் சொல்கிறேன். பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டுவிட்டதாகப் பேசிய ஒருவரிடம், நெருக்கமாக இருக்கட்டும் என்று, “நாம் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் சரியாகிவிடும் சார்” என்றேன். “பணம் போனது எனக்கு. இதில் ‘நாம்’ எங்கிருந்து வந்தது?” என்றார். சரியான கேள்வி. தவறு எங்கள் பக்கம் இருக்கும்போது அவரையும் உள்ளே இழுப்பது, பழியில் பங்கு கொடுப்பதுபோல் ஆகிவிட்டது. சரி என்று ‘நாங்கள் கவனிக்கிறோம்’ என்று மாற்றிப் பார்த்தேன். அது கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வதாகப் பட்டது. இப்போது தவறுக்கு ‘நாங்கள்’, அடுத்து செய்ய வேண்டிய வேலைக்கு ‘நான்’ என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்: “இரண்டு முறை பிடித்தது எங்கள் தவறு, நான் இன்று மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன்.” ‘நாம்’ என்பதை இருவரும் சேர்ந்து உண்மையாகவே ஏதாவது செய்யும்போது மட்டும் எடுக்கிறேன், எடுத்துக்காட்டாக, இருவரும் ஒரே ரசீதைத் திறந்து வைத்து வரி வரியாகப் பார்க்கும்போது.

பேச்சை முடிப்பதும் எனக்குப் பெரும் பாடாக இருந்தது. 2021இல் ஆடம் மாஸ்ட்ரோயானி முதலியோர் வெளியிட்ட ஆய்வின்படி, இருவரும் விரும்பிய நேரத்தில் முடியும் உரையாடல்கள் மிக அரிது. எதிரில் இருப்பவருக்கு எப்போது முடிக்க வேண்டும் என்பதை நாம் ஊகிப்பதிலும் பெரும்பாலும் தவறிவிடுகிறோம். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. நான் கையாளும் வழி, பேச்சு எதற்காகத் தொடங்கியதோ அதற்குத் திரும்புவது. “நீங்கள் கேட்டது ரசீதைப் பற்றி, அதை மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், பத்தில் எட்டுப் பேர் “சரி, அப்போது வைத்துவிடட்டுமா?” என்று தாங்களே கேட்கிறார்கள். மற்ற இருவரும் பேச ஆள் தேடி அழைத்தவர்கள்; அவர்களிடம் எந்த உத்தியும் பலிப்பதில்லை, பலிக்க வேண்டும் என்று நானும் நினைப்பதில்லை.

* * *

முதலில் எழுதிய நான் மீண்டும். சென்ற வாரம் அதே பக்கத்து மேசைக்காரர் அதே மாதிரியான அறிக்கையோடு வந்தார். “இந்த முறை முடியுமா, இல்லை, பார்க்கலாமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். “முழுவதும் முடியாது சார். நாளை என் கணக்கை முடிக்க வேண்டும். முதல் இரண்டு அட்டவணைகளை மட்டும் மதியத்துக்குள் பார்த்துத் தருகிறேன்” என்றேன். சொல்லிவிட்டு, விளக்கம் எதுவும் சேர்க்காமல், மனத்துக்குள் மூன்று வரை எண்ணினேன். “இரண்டு போதும்மா” என்று தாள்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு எதிர் வரிசையில் இருக்கும் இளைஞரிடம் போனார். அங்கிருந்து, “கொஞ்சம் வேலை இருக்கிறது சார், பார்க்கலாம்” என்ற குரல் கேட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.