மறு: "இலக்குப் பார்வையாளர்" - மாற்றுச் சொல் தேவையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

ஆங்கில "target audience"க்கு "இலக்குப் பார்வையாளர்" புழக்கத்தில் இருப்பது சரி. ஆனால் வானொலிக்கு எழுதுபவரால் அதைப் பயன்படுத்த முடியாது. அவருக்கு "இலக்கு நேயர்". பத்திரிகைக்காரருக்கு "இலக்கு வாசகர்". ஒரே செய்தி துண்டுப்பிரசுரமாகவும் ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி அறிவித்தலாகவும் வட்ஸ்அப் காணொளியாகவும் போகும்போது, திட்ட வரைவில் எதை எழுதுவது?

என் முன்மொழிவு: கருதுகேட்போர். வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது.

சிறப்புப்பாயிரம், அதாவது ஒரு நூலின் முகவுரை, சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் "கேட்போர்" ஒன்று என்கிறது நன்னூல். ஆக்கியோன் பெயர், நுதலிய பொருள், பயன் இவற்றோடு, நூல் யாருக்கு என்பதையும் முகப்பிலேயே சொல்லிவிட வேண்டும். நமக்கு வேண்டிய கருத்து இதுதான். "நேயர்" என்றால் ஏற்கெனவே நம்மிடம் வந்து சேர்ந்தவர். நாம் தேடுவதோ இன்னும் வராதவரையும் எண்ணி வைக்கும் சொல்.

> கேட்போர் என்றால் காதால் கேட்பவர்தானே? விண்ணப்பம் கேட்பவர் என்றும் பொருள்படுமே?

நம் ஊர்க் "கேட்போர் கூடம்" (auditorium) இருக்கிறதே. நாடகம் பார்க்கவும் அங்கேதான் போகிறோம், பெயர்ப்பலகையைப் பார்த்து யாரும் குழம்பியதில்லை. இலங்கையில் இந்தச் சொல் காதைத் தாண்டி எப்போதோ விரிந்துவிட்டது.

"கருது" ஏன் வேண்டும் என்பதற்கு டெங்கு ஒழிப்புப் பிரசுரத்தை எடுத்துக்கொள்வோம். 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என ஐயுறப்பட்ட பிறகு கொழும்பில் இதைப் படிக்காத வீடு குறைவு. "சுற்றாடலைத் துப்புரவாக வைத்திருங்கள், பீலியைச் சுத்தம் செய்யுங்கள்" என்று எழுதி வெள்ளவத்தை அடுக்குமாடியில் ஐந்தாம் மாடிக்காரரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அவருக்குப் பீலியே (கூரைநீர் வடியும் வாய்க்கால்) இல்லை. அவர் வீட்டில் நுளம்பு முட்டையிடும் இடம் பல்கனிப் பூச்சாடியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நீர் சேரும் தட்டு. கொட்டாஞ்சேனையில் "தோட்டம்" எனப்படும் நெருக்கமான குடியிருப்பு வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் பரல், எறிந்த யோகட் கப், சிரட்டை. முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால், வாரம் ஒருமுறை அந்தத் தண்ணீரைக் கொட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கொட்டுவது யார்? அடுக்குமாடியில் பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் பெண். பிரசுரமோ வீட்டுக்காரரின் மேசையில் கிடக்கும். கொம்பனித்தெருவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இரண்டு வரி சொன்னால் அந்தத் தாளை விட வேகமாகப் போய்ச்சேரும்.

"இலக்கு: கொழும்புத் தமிழ் மக்கள்" என்று எழுதினால் இதில் ஒன்றும் தெரியாது. வடிவமைப்பவர் ஓர் ஆளை மனத்தில் கருதியே ஆக வேண்டும்: அவர் கையில் என்ன இருக்கிறது, எதை வாசிப்பார், எந்த நேரத்தில் காது கொடுப்பார். "இலக்கு" என்ற சொல் அந்த வேலையைக் கேட்பதில்லை, "கருது" கேட்கிறது. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

"கொள்வோர்" என்று இன்னொரு நண்பர் எழுதியது எனக்கும் பிடித்திருந்தது. ஊடகச் சார்பு இல்லாத சொல். அப்புறம் யோசித்தால், கொள்வனவு என்ற சொல் அன்றாடம் புழங்கும் நாட்டில் அதை விளம்பரக்காரர்கள் "வாங்குவோர்" என்றே எடுப்பார்கள். சுகாதாரச் செய்திக்கு அது பொருந்தாது.

ஆக, பதிவுக்கு என் வரைவு:

கருதுகேட்போர்: ஓர் ஆக்கத்தை உருவாக்கும் முன்பே, அது யாரைச் சேர வேண்டும் என்று எண்ணப்படுகிறவர்கள், வாசிப்போர், பார்ப்போர், கேட்போர் அனைவரும் அடங்குவர். தண்ணீரைக் கொட்டும் பெண் முதன்மைக் கருதுகேட்போரில் ஒருவர், பரலுக்கு மூடி வாங்கித் தரும் வீட்டுக்காரர் துணைக் கருதுகேட்போரில் ஒருவர்.

ஒருமைக்குக் "கருதுகேட்பவர்" போதுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கொழும்பு 6இலிருந்து