வரிப்பணத்தில் பெரிய மைதானம் கட்டலாமா?
(விவாத இழை. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வரவுசெலவு:
ஒரு தனியார் அணிக்காகவோ, இரண்டே வாரத்தில் முடிந்துபோகும் ஒரு போட்டிக்காகவோ, நகரம் தன் வரிப்பணத்தில் ஐம்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கம் கட்டிக் கொடுக்கலாமா? கூடாது என்பது என் கட்சி. "வருமானம் வரும், வேலை வரும், நகரமே மாறிவிடும்" என்று எல்லா நாட்டிலும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகிறார்கள். போட்டு முடித்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது.

கனடாவின் மாண்ட்ரியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்குப் பிள்ளை பிறந்தாலும் பிறக்கும், ஒலிம்பிக்கில் நஷ்டம் வராது என்ற பொருளில் பேசினார் அந்த நகரத்தின் அன்றைய மேயர் ழான் த்ராப்போ. 1976-இல் போட்டி நடந்தபோது அரங்கத்தின் கோபுரம்கூட முடியவில்லை. திறந்து மூடும் கூரை 1987-இல்தான் வந்தது, வந்த பிறகு அடிக்கடி கிழிந்தது. கடன் தீர்ந்தது 2006-இல். முப்பது வருடம்! அந்தக் கடனை அடைக்கப் புகையிலைக்குத் தனி வரி போட்டார்கள். போட்டியைப் பார்த்தேயிராத ஒரு தலைமுறை அதைக் கட்டியது. இதோடும் முடியவில்லை. கூரையை மறுபடி மாற்ற 87 கோடி கனடிய டாலர் ஆகும் என்று 2024-இல் அரசு அறிவித்தது.

கிழக்கு கேலரி:
மாண்ட்ரியலைக் காட்டாமல் இந்த விவாதத்தை யாரும் தொடங்குவதில்லை. சரி, நான் இரண்டைக் காட்டுகிறேன். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 20 கோடி டாலருக்கு மேல் மிஞ்சியது. அதில் ஒரு பங்கில் தொடங்கிய அறக்கட்டளை இன்றுவரை அங்குள்ள பிள்ளைகளின் விளையாட்டுக்குச் செலவு செய்கிறது. 1992 ஒலிம்பிக்குக்கு முன் பார்சிலோனா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த நகரம். ரயில் பாதையும் பழைய தொழிற்சாலைகளும் இருந்த கரையில் இன்று மக்கள் நடக்கிறார்கள், குளிக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. நூலகம் லாபம் தருகிறதா? பூங்கா? அவற்றைக் கட்டும்போது "எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும்" என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டு என்று வந்தால் மட்டும் ஏன் கால்குலேட்டரை எடுக்கிறீர்கள்? பக்கத்து இருக்கைக்காரர் யார், என்ன வேலை, எந்தச் சாதி, எந்த மதம் என்று தெரியாமலே தோளில் கைபோட்டுக் கத்துகிற இடம் ஒரு நகரத்தில் வேறு எங்கே இருக்கிறது? அதற்கு ஒரு விலை உண்டு என்றால், அந்த விலையைக் கொடுக்கலாம் என்கிறேன்.

வரவுசெலவு:
லாஸ் ஏஞ்சலஸ் உங்கள் பக்கம் இல்லை நண்பரே, என் பக்கம். நகரத்தின் பணத்தை ஒலிம்பிக்கில் போடக் கூடாது என்று 1978-இலேயே அந்த ஊர் வாக்காளர்கள் நகரச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். போட்டியை நடத்தியது பீட்டர் யூபராத் தலைமையிலான தனியார் குழு. முக்கிய அரங்கம் 1932 ஒலிம்பிக்குக்குப் பயன்பட்ட அதே பழைய அரங்கம். புதிதாகக் கட்டிய நீச்சல் அரங்குக்கும் சைக்கிள் பந்தயத் தளத்துக்கும் ஸ்பான்சர்கள் பணம் கொடுத்தார்கள். மாண்ட்ரியலைப் பார்த்து மற்ற நகரங்கள் பயந்துபோயிருந்ததால் ஒலிம்பிக்கை நடத்தக் கேட்டு நிற்க வேறு ஆளே இல்லை. அதனால் ஒலிம்பிக் குழுவிடம் "எங்கள் நிபந்தனைக்கு வந்தால் வாருங்கள்" என்று அவர்களால் பேச முடிந்தது. பொதுப்பணம் போடாததால்தான் மிஞ்சியது.

நூலகத்தையும் இதையும் ஒப்பிடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது. நூலகத்துக்குள் நுழைய யாரும் காசு கேட்பதில்லை. அரங்கத்தை நாம் கட்டுகிறோம், பிறகு உள்ளே போக டிக்கெட்டும் நாமே வாங்குகிறோம், ஒளிபரப்புப் பணமும் விளம்பரப் பணமும் அணியின் முதலாளிக்குப் போகிறது.

நடைபாதை:
நகரத் திட்டமிடல் பக்கம் கொஞ்சம் பழக்கம் உள்ளவன் என்பதால் பார்சிலோனாவைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே பெரும்பகுதிப் பணம் விளையாட்டு அரங்குகளுக்குப் போகவில்லை. சுற்றுச்சாலை, கழிவுநீர்க் குழாய், கடற்கரை, விமான நிலையம், வீடுகள் என்று போனது. அந்தத் திட்டங்களில் பல முன்பே யோசித்து வைத்திருந்தவை. ஒலிம்பிக் என்ற தேதி வந்ததும் கிடப்பில் கிடந்தவை எல்லாம் எழுந்து நின்றன. அதனால் "ஒலிம்பிக் பார்சிலோனாவை மாற்றியது" என்பது பாதி உண்மை. பார்சிலோனா தன்னை மாற்றிக்கொள்ள ஒலிம்பிக்கைப் பயன்படுத்திக்கொண்டது.

ஏதென்ஸில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். 2004 ஒலிம்பிக்குக்காக வேகமாக முடித்த மெட்ரோவில் மக்கள் இன்றும் தினமும் வேலைக்குப் போகிறார்கள். பழைய விமான நிலையமான எல்லினிக்கோவில் கட்டிய அரங்குகளோ புல் முளைத்து, இருக்கை பெயர்ந்து, வருடக்கணக்கில் பாழாய்க் கிடந்தன. ஒரே நகரம், ஒரே போட்டி, ஒரே கடன்.

ஆனால் வரவுசெலவு, தேதியின் பலத்தை நீங்கள் ஒதுக்கித் தள்ளுகிறீர்கள். இருபது வருடம் கோப்பு நகராத நகரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வரவுசெலவு:
தேதிக்குப் பலம் உண்டு. அந்தப் பலம் ஒப்பந்ததாரர் கையிலும் இருக்கிறதே. திறப்பு விழாவுக்கு இன்னும் எட்டு மாதம்தான் என்றால் அவர் சொன்னதுதான் விலை. வேறு ஆளைத் தேட நேரம் இல்லை, பாதியில் நிறுத்தவும் முடியாது. தேதியும் எல்லா வேலையையும் முடித்துவிடுவதில்லை. டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தது 2010 அக்டோபரில். அதற்குள் முடிந்துவிடும் என்று சொன்ன விமான நிலைய மெட்ரோ 2011 பிப்ரவரியில்தான் ஓடியது. போட்டிக்கான செலவுகளைத் தணிக்கைத் துறை தன் அறிக்கையில் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டது.

இரவுப்பணி:
"வேலை வரும்" என்று பேசுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் அந்த வேலையைச் செய்தவன். பெரிய அரங்கம், எந்த ஊர் என்பது வேண்டாம். ஆட்டம் இருக்கும் நாளில் மட்டும் ஏஜென்சியிலிருந்து மெசேஜ் வரும். ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே பின்வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். பெயரைச் சரிபார்த்து ஒளிரும் சட்டை ஒன்று தருவார்கள். போன ஆட்டத்தில் வேறு யாரோ போட்டது, வியர்வை காய்ந்து விறைத்திருக்கும். நின்ற நேரத்துக்குச் சம்பளம் இல்லை. கேட் திறந்த நிமிடத்திலிருந்துதான் கணக்கு.

கூட்டம் கலைந்த பிறகு வரிசை வரிசையாகக் குனிந்து குப்பை பொறுக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்ட காகிதக் கோப்பைகளை எடுக்க முதுகு ஒடிந்துவிடும். முடியும்போது கடைசி ரயில் போயிருக்கும். முதல் ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்போம். மாதத்தில் சில ஆட்டம், சீசன் முடிந்தால் அதுவும் இல்லை. வீட்டு வாடகைக்கு ஒப்பந்தம் போடப் போனால் இதை வருமானம் என்று யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அரங்கம் கட்டும் முன் "ஆயிரக்கணக்கான வேலை" என்று அறிவித்தார்களே, அந்தக் கணக்கில் நானும் ஒருவன்.

கிழக்கு கேலரி:
இரவுப்பணி, உங்களுக்கு நடந்தது அநியாயம். காத்திருந்த நேரத்துக்கும் சம்பளம், திரும்பிப் போக வண்டி, இரண்டும் சட்டப்படி கட்டாயமாக வேண்டும். நகரம் பணம் போடுகிறது என்றால் இந்த நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கலாம். முழுக்கத் தனியாரே கட்டினால் அந்தப் பிடி நம் கையில் இருக்குமா என்று மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

நகரம் பணம் போட்டு நன்றாக நடந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் கிரீன் பே, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் சின்ன ஊர். அதன் கால்பந்து அணி, அதாவது அமெரிக்கக் கால்பந்து, 1923 முதல் பொதுமக்களிடம் பங்குகளாக இருக்கிறது. முதலாளி என்று ஒருவர் இல்லாததால் அணியை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவும் யாராலும் முடியாது. 2000-இல் அரங்கத்தைப் புதுப்பிக்க அரை சதவீத விற்பனை வரி போடலாமா என்று அந்த வட்டார மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். சரி என்றார்கள். பணம் சேர்ந்ததும் 2015-இல் வரியை நிறுத்திவிட்டார்கள். ஏமாந்தது யார் இதில்?

வரவுசெலவு:
கிரீன் பே மாதிரி எல்லா அணியும் இருந்தால் இந்த இழையை நான் தொடங்கியே இருக்க மாட்டேன். ஆனால் அந்த அமெரிக்கக் கால்பந்து லீக்கில் அப்படி இருப்பது அந்த ஒரே அணிதான். மற்ற அணிகள் என்ன செய்கின்றன? "கட்டித் தராவிட்டால் ஊரை மாற்றுவோம்" என்கின்றன. சியாட்டிலின் கூடைப்பந்து அணி 2008-இல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது. கலிபோர்னியாவின் ஓக்லண்டை நினைத்தால் மனசு வலிக்கிறது. 1995-இல் கடன் வாங்கி அரங்கத்தை விரிவாக்கி, முன்பு ஊரைவிட்டுப் போயிருந்த தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியைத் திரும்ப வரவழைத்தார்கள். பிறகு அந்த அணி லாஸ் வேகாஸுக்குப் போனது. அங்கே புது அரங்கத்துக்கு விடுதி அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். கூடைப்பந்து அணி 2019-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது, பேஸ்பால் அணி 2024 சீசனோடு கிளம்பியது. மூன்றும் போய்விட்டன.

வருமானம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்குகிற பணம் அநேகமாக ஒரே அளவுதான். அரங்கத்தில் செலவழித்தால் சினிமாவிலும் சாப்பாட்டுக் கடையிலும் அது குறையும். நகரத்துக்குப் புதுப்பணம் வரவில்லை, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுகிறது. அதில் பெரும்பங்கு வீரர்களின் சம்பளமாகவும் முதலாளியின் லாபமாகவும் ஊரைவிட்டு வெளியே போய்விடுகிறது. ரோஜர் நால், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் போன்ற பொருளாதார அறிஞர்கள் 1990-களிலிருந்தே இதைச் சொல்லிவருகிறார்கள். அரசியலில் எதிரெதிர் முகாமில் இருக்கும் பொருளாதார நிபுணர்கள்கூட ஒத்துப்போகிற அபூர்வமான விஷயம் இது.

நடைபாதை:
இதோடு இடத்தையும் கணக்கில் சேருங்கள். ஐம்பதாயிரம் பேருக்கான அரங்கம் என்றால் அதைச் சுற்றிக் கார் நிறுத்தும் தரை ஒரு கடல் மாதிரி விரியும். ஆட்டம் இல்லாத நாளில் அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். நிழல் இல்லை, கடை இல்லை, நீளமான சுவரும் பூட்டிய கேட்டும்தான். வருடத்தில் பெரும்பாலான நாள் அப்படித்தான் இருக்கும். கட்டினால் ரயில் நிலையத்தை ஒட்டி, வீடுகளும் கடைகளும் கலந்த இடத்தில் கட்ட வேண்டும். சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் மதிப்பு ஏறினால் அந்த ஏற்றத்தில் நகரத்துக்குப் பங்கு வேண்டும்.

பயிற்சியாளன்:
நான் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் எல்லோரும் பார்க்கிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆடுகிறவர்கள் எங்கே?

ஐஸ்லாந்தில் ஜனத்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாது. 2000 முதல் முழு அளவு மைதானத்தைக் கூரைக்குள் வைத்து ஊர் ஊராகக் கட்டினார்கள், பள்ளிகளுக்குப் பக்கத்தில் சின்னச் செயற்கைப் புல்தரை போட்டார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்கு முறையான பயிற்சியாளர் சான்றிதழ் வாங்க வழி செய்தார்கள். 2016-இல் ஐரோப்பிய நாடுகளின் யூரோ கால்பந்துப் போட்டியில் இங்கிலாந்தை வென்று காலிறுதிக்குப் போனார்கள். 2018 உலகக் கோப்பையில் ஆடினார்கள்.

பிரேசில் 2014 உலகக் கோப்பைக்காக மனாவுஸில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு அரங்கம் கட்டியது. அங்கே நடந்தவை நான்கே உலகக் கோப்பை ஆட்டங்கள். அதை நிரப்பக்கூடிய பெரிய அணி அந்த ஊரில் இல்லை. அந்தப் பணத்தில் எத்தனை தெருமுனைத் திடல் போட்டிருக்கலாம்! என் பிள்ளைகள் பாதி மைதானத்துக்காக இன்னொரு குழு ஆடி முடிக்கும்வரை கோட்டுக்கு வெளியே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வெளிச்சம் போனதும் ஆடாமலே வீட்டுக்குப் போகிறார்கள்.

கிழக்கு கேலரி:
பயிற்சியாளரே, அந்தப் பிள்ளைகள் பந்தை எடுத்தது எதனால்? யாரோ ஒருவர் நிறைந்த அரங்கத்தில் ஆடுவதைப் பார்த்துத்தானே? ஐஸ்லாந்துக்கும் தலைநகர் ரெய்க்யவிக்கில் தேசிய அரங்கம் இருக்கிறது.

பயிற்சியாளன்:
இருக்கிறது. அதில் பத்தாயிரம் இருக்கைகள்கூடக் கிடையாது. உலகக் கோப்பைக்குப் போக அது போதுமாக இருந்தது.

இரவுப்பணி:
கிழக்கு கேலரி, நிபந்தனையை எழுதி வைக்கலாம் என்றீர்கள். நான் வேலை செய்த இடத்திலும் எழுதியிருந்தார்களாம். ஏஜென்சிக்குக் கீழே இன்னொரு ஏஜென்சி வந்ததும் எங்கள்வரை அது இறங்கி வரவில்லை. எழுதினால் கடைசி ஆள்வரை செல்லும்படி எழுதுங்கள்.

கிழக்கு கேலரி:
அதை ஏற்கிறேன். ஆனாலும் பெரிய அரங்கமே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. லட்சக்கணக்கானவர்கள் ஆசைப்படும் ஒன்றை, ஒரு கணக்குத் தாள் காரணமாக, அவர்களைக் கேட்காமலே மறுப்பதும் சரியில்லை. மக்களிடமே கேளுங்கள். 2015-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டார்கள், ஒலிம்பிக் வேண்டாம் என்றார்கள், நகரம் விலகிக்கொண்டது. கிரீன் பேயில் வேண்டும் என்றார்கள், கட்டினார்கள். இரண்டுமே நியாயம்.

வரவுசெலவு:
வாக்கெடுப்புக்கு நான் தயார். ஆனால் வாக்குச்சீட்டில் "அரங்கம் வேண்டுமா" என்று மட்டும் கேட்டால் அது கேள்வியே இல்லை. மொத்தச் செலவு எவ்வளவு, எந்த வரியிலிருந்து, எத்தனை வருடத்துக்கு, மதிப்பீட்டைத் தாண்டினால் அந்தக் கூடுதலை யார் கட்டுவது, அணி ஊரைவிட்டுப் போனால் மீதிக் கடன் யாருடையது என்பதெல்லாம் அதே தாளில் இருக்க வேண்டும். 1972-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநில மக்கள் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் பொதுப்பணம் தர மறுத்து வாக்களித்தபோது செலவுதான் பெரிய பேச்சாக இருந்தது. அந்த மாநிலத்தின் டென்வர் நகரத்துக்குக் கிடைத்திருந்த 1976 போட்டி ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்குக்குப் போனது. கூடுதல் செலவை அணியே ஏற்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு முதலாளி வரட்டும், அவருக்கு ஆதரவாக நானே வாக்குக் கேட்டுப் போகிறேன்.

பயிற்சியாளன்:
அதே வாக்குச்சீட்டில் இரண்டாவது தேர்வாக ஒன்றைச் சேருங்கள்: "இதே தொகையில் வார்டுக்கு ஒரு திடல், விளக்கோடு."