மீன் தொட்டியைச் ‘சைக்கிள்’ பண்ணுவதற்கு என்ன சொல்?

அணில் – திங்கள்

குழுவினருக்கு வணக்கம்.

கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடைக்காக இருபது பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். செடி வைத்த நன்னீர்த் தொட்டியை வீட்டில் பராமரிப்பது எப்படி, பெரிய தொட்டியோடு மல்லுக்கட்ட முடியாதவர்கள் சின்னதற்கு மாறுவது எப்படி, இவ்வளவுதான் விஷயம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: சைக்கிளிங், டவுன்சைசிங் (அதாவது சின்னத் தொட்டிக்கு மாறுவது).

முதலாவது தெரியாதவர்களுக்கு: புதுத் தொட்டியில் மீன் விட்டால் அதன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது, அளவு மீறாத வரை, அவ்வளவு மோசமில்லை. இந்தக் கூட்டங்கள் ஃபில்டர் பஞ்சிலும் மண்ணிலும் பெருகி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடைப் பையன்கள் “டேங்க் சைக்கிள் ஆயிடுச்சாண்ணா?” என்று கேட்பது இதைத்தான்.

நான் “சுழற்சி செய்தல்” என்று எழுதியிருந்தேன். கடைக்காரர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “சுழற்சின்னா மோட்டார் போட்டுத் தண்ணியச் சுத்த விடறதுன்னு நெனச்சுப்பாங்கம்மா. ஒரு நாள் ஓட விட்டுட்டு மறுநாள் மீன் வாங்க வந்துடுவாங்க. மூணாம் நாள் செத்துப்போச்சுன்னு சண்டைக்கு வருவாங்க.”

கைகொடுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய் – திங்கள் இரவு

அம்மா, பள்ளிப் பாடநூலிலேயே ‘நைட்ரஜன் சுழற்சி’ இருக்கிறது. நிலைபெற்ற சொல்லைக் கடைக்காரர் ஒருவர் முகம் சுளித்தார் என்பதற்காகக் கைவிடலாமா?

அது கிடக்கட்டும். ‘மீன் தொட்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ‘நீர்வாழ் உயிரினக் காட்சிப்பேழை’ என்று யாராவது இங்கே வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்வேரியம் என்ற இலத்தீன் சொல்லுக்கு முதற்பொருள் என்ன தெரியுமா? மாடு தண்ணீர் குடிக்கும் இடம். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பெயரைப் பரப்பியவர் ஃபிலிப் ஹென்றி காஸ், 1854இல். நம்மிடம் கழனித்தண்ணீர்த் தொட்டி, மாட்டுத் தொட்டி, மீன் தொட்டி எல்லாமே தொட்டிதான். அவர்கள் மாட்டிடமிருந்து மீனுக்குப் போக ஓர் இலத்தீன் தேவைப்பட்டது. நாம் நடந்தே போய்விட்டோம். தொட்டி என்பதன் வேர் ‘தொடு’, அதாவது தோண்டு, என்றே நான் கருதுகிறேன். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’யை நினைத்துப் பாருங்கள். இதுபற்றி விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

தழைச்சத்து – செவ்வாய் காலை

ஐயா, தனி மடல் அப்பறம் எழுதுங்க. அந்தம்மாவுக்கு வெள்ளிக்கிழமை அச்சுங்க.

நாலடியார் – செவ்வாய்

புதியவர்களுக்கு: என் புனைபெயருக்கும் சமண முனிவர்களுக்கும் சம்பந்தமில்லை. என் தொட்டி நாலடி நீளம், அவ்வளவுதான். அதுவும் போன மாதம் வரை.

பேராசிரியர் ஏட்டுச்சுரைக்காய் ஐயா கோபிக்கக் கூடாது. வீட்டுத் தொட்டியில் நடப்பது சுழற்சியே இல்லை. காட்டிலும் வயலிலும் நைட்ரஜன் மறுபடி காற்றுக்குப் போகிறது, வட்டம் முடிகிறது. தொட்டியில் பெரும்பாலும் நைட்ரேட்டோடு நின்றுபோகும். செடி கொஞ்சம் தின்னும், மிச்சத்தை நான் ஞாயிறுதோறும் வாளியில் மொண்டு முருங்கைக்கு ஊற்றுகிறேன். வட்டத்தின் கடைசிக் கால்பங்கு என் இடுப்புதான். ஆங்கிலச் சொல்லே கோணல். கோணலை ஏன் நேராகப் பெயர்க்க வேண்டும்? பேசாமல் ‘சைக்கிளிங்’ என்றே போடுங்கள். தொட்டிக்குள் பாறை அடுக்கும் பாணிக்கு ஆங்கிலக்காரன் ‘இவாகுமி’ என்று ஜப்பானியச் சொல்லையே வைத்துக்கொண்டான், செடித்தொட்டிக் கலைஞர் தாகாஷி அமானோவின் நாட்டுச் சொல் என்பதால். அவன் மொழி தேய்ந்தா போயிற்று?

செவ்வேர் – செவ்வாய்

இவாகுமி ஒரு கலைப்பாணியின் பெயர். பெயரைப் பெயர்க்க வேண்டியதில்லை. சைக்கிளிங் ஒரு வினை. வினையைக் கடன் வாங்கினால் மொழி முடமாகும். ‘வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ’ என்ற தொல்காப்பியர் வழியில் போனாலும் ‘சயிக்கிளிங்கு’ என்றல்லவா எழுத வேண்டும்? வாடிக்கையாளர் மிதிவண்டி என்று நினைத்தால் யார் பொறுப்பு?

என் பரிந்துரை: *நுண்ணுயிர்க் குடியமர்வு*. நடப்பதை உள்ளபடி சொல்கிறது. கூடவே நைட்ரஜனுக்கும் ஒன்று. கரிமம் இருக்கும்போது, உழவர் வழங்கும் தழைச்சத்திலிருந்து ‘தழைமம்’ ஏன் கூடாது?

யாரும் நன்னூலைக் கொண்டுவந்து ‘பழையன கழிதலும்’ பாட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

தழைச்சத்து – செவ்வாய்

எம்பேரக் கெடுத்துப்போடாதீங்க. தழைச்சத்துன்னா எங்கூருல யூரியா மூட்டை. கையேட்டுல அந்தச் சொல்லப் பாத்துட்டு ஒருத்தர் தொட்டில ஒரு கை யூரியாவ அள்ளிப் போட்டா, மீனு அத்தனையும் மல்லாந்துரும்.

அணில் – செவ்வாய் இரவு

கடைக்காரரிடம் ‘நுண்ணுயிர்க் குடியமர்வு’ படித்துக் காட்டினேன். “பட்டா எப்பத் தருவாங்க?” என்றார்.

ஒரு யோசனை. புது மண்சட்டி வாங்கினால் அன்றைக்கே குழம்பு வைப்பதில்லையே. கஞ்சித் தண்ணீர் ஊற்றி, ஊறவைத்து, அடுப்பில் ஏற்றி இறக்கி, சில நாள் *பழக்குகிறோம்*. தோசைக்கல்லும் அப்படித்தான். பழக்காத கல்லில் முதல் தோசை வராது, பழக்காத தொட்டியில் முதல் மீன் பிழைக்காது. ‘தொட்டி பழக்கல்’ என்றால் என்ன? இதில் ஒரு வசதி, பழகு தன்வினை, பழக்கு பிறவினை. “தொட்டி பழகிவிட்டதா?”, “இன்னும் பழக்குகிறேன்” இரண்டும் நாக்கில் இடறாமல் வருகிறது. “தொட்டியைச் சுழற்றினேன்” என்று சொல்லிப் பாருங்கள், அம்மிக்கல்லைத் தூக்கிச் சுற்றிய இளவட்டம் மாதிரி இருக்கிறது.

தழைச்சத்து – புதன்

காளையையும் ஏர்ல பூட்டறதுக்கு மின்னால பழக்கறதுதானுங்க. எனக்குச் சம்மதம்.

செவ்வேர் – புதன்

மீனைத் தொட்டிக்குப் பழக்குவதும் உண்டு. வாங்கி வந்த நெகிழிப் பையை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுகிறார்களே, அதற்கு எந்தச் சொல்? ஒரே சொல் இரு வேலை பார்த்தால் அது கலைச்சொல்லா? மீண்டும் சொல்கிறேன், குடியமர்வு.

நாலடியார் – புதன்

அது மீன் பழகுவது, இது தொட்டி பழகுவது. நியாயமான கேள்விதான், ஆனால் நான் பழக்கலுக்கு மாறிவிட்டேன். காரணம் என் சொந்த முட்டாள்தனம். இரண்டாவது சொல்லுக்கும் அது தொடர்புடையது என்பதால் எழுதுகிறேன்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி 255 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே கால் டன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மகனும் வெளியூர். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டிக்கு இறங்கினேன். செடியைப் பிடுங்கினேன், மீன்களை டிரம்மில் விட்டேன், ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே பஞ்சு காப்பிக் கசடு நிறத்தில், பிசுபிசுவென்று, மழை விழுந்த மண் வாசனையோடு இருந்தது. புதுத் தொட்டிக்கு இந்த அழுக்கா என்று குழாயடியில் பிடித்து வெள்ளை வெளேரென்று அலசினேன். குளோரின் தண்ணீர். மூன்று வருஷம் வளர்த்த கூட்டத்தைச் சாக்கடையில் விட்டதுகூடத் தெரியாமல் திருப்தியாக இருந்தேன்.

நாலாம் நாள் நியான் டெட்ராக்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நைட்ரைட் சோதனைக் குழாயில் வெளிர் நீலம் வரவேண்டிய இடத்தில் கத்தரிப்பூ நிறம். தினமும் பாதித் தண்ணீர் மாற்றியும் ஒன்பது போயின.

அணில், கையேட்டில் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்: பஞ்சைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே மெல்லப் பிழிந்து, ஈரம் காயாமல் புதுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரையே சின்னத் தொட்டியில் மாட்டினால் இன்னும் உத்தமம். அடிமண்ணைக் கிளறினால் அடங்கிக் கிடந்த அம்மோனியா வெளியே வரும், ஆகவே சேற்றோடு அள்ளிப் போடக் கூடாது.

ஏட்டுச்சுரைக்காய் – புதன் நள்ளிரவு

நாலடியார் அறியாமலே சொல்லைக் கொடுத்துவிட்டார். அந்தப் பஞ்சு *உறை*! உறைமோர்!

புறநானூறு 276: ‘குடப்பால் சில்லுறை போல’. ஆய்மகள் நகத்தால் தெறித்த துளி உறை ஒரு குடம் பாலையும் மாற்றிவிடுவது போல, ஒரு கிழவியின் மகன் பகைப்படை முழுவதற்கும் தானே நோயானான். அங்கே நோய், இங்கே மருந்து, செயல் ஒன்றே. பழைய பஞ்சைப் புதுத் தொட்டியில் இடுவது ‘உறையிடல்’. மேலும் உறை என்றால் தங்கி வாழ்தல், நுண்ணுயிர்கள் பஞ்சில் உறைகின்றன. உறை என்றால் மழைத்துளியும் ஆகும். உறைகிணற்றின் சுடுமண் வளையமும் உறை. வாளின் உறை, தலையணை உறை. இவை யாவும் ஒருவேர்க் கிளைகளே என்பதை நான் நிறுவ முடியும்.

டவுன்சைசிங்குக்கும் சொல் இருக்கிறது: *தொட்டிக்குறுக்கம்*. ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் அறிவீர்கள். ‘போன்ம்’ என்பதில் மகரம் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரைக்குக் குறுகினாலும் மகரமாகவே நிற்கிறது. நாலடி இரண்டடி ஆனாலும் தொட்டி தொட்டிதான். நாலடியார் இப்போது குறளாகிவிட்டார். நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி!

வடமராட்சியாள் – வியாழன்

ஐயா, உறை நல்ல வடிவான சொல். எங்கட பாடப்புத்தகத்தில நைதரசன், நைத்திரேற்று எண்டுதான் படிச்சனாங்கள். அந்தச் சண்டைக்கு நான் வரேல்லை.

செடியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. கடையில விக்கிற கிரிப்டோகோரைன் வெண்ட்டீ எங்கட இலங்கைச் செடி. இடம் மாத்தி நட்டால் ஒரு கிழமைக்குள்ள இலை முழுக்கக் கரைஞ்சு கூழாப் போகும். கனபேர் செத்துப்போச்செண்டு பிடுங்கி எறியினம். கிழங்கு உயிரோட கிடக்கும், பேசாமல் விட்டால் புதுக்குருத்து வரும். சின்னத் தொட்டிக்கு மாறுறவைக்கு இதைக் கட்டாயம் எழுதவேணும். ‘இலைகரைவு’ எண்டு சொல்லலாமோ?

இன்னொண்டு. மூதுரையில ‘அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவை’ எண்டு வருகுதெல்லோ. தண்ணி வத்தினால் பறவை போகும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே கிடக்கும். அந்தக் கொட்டி, கொட்டிக்கிழங்கு, கடைக்காரர் அப்போனோகெட்டான் எண்டு குமிழாய் விக்கிற இனம்தான். தொட்டியைச் சின்னனாக்கேக்கையும் அதேதான் நடக்குது: மீனைக் குடுத்துவிடுறம், செடியை வைச்சிருக்கிறம்.

நாலடியார் – வியாழன்

இலைகரைவு அருமை அம்மா, அதை எடுத்துக்கொள்ளலாம்.

பேராசிரியர் ஐயாவின் மாத்திரைக் கணக்கில்தான் ஆபத்து. நீளம் பாதியானது உண்மை. தண்ணீர் பாதியாகவில்லை, 255இலிருந்து 57 லிட்டர். கால்பங்குகூட இல்லை! ‘நாலடி இரண்டடி’ என்று நினைத்துப் பாதி மீனை வைத்துக்கொண்டவர்கள்தான் மறுவாரம் கடைக்கு ஓடுகிறார்கள். நாற்பது மீன் இருந்தால் எட்டோ ஒன்பதோதான் வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தைக் கடைக்கோ நண்பர்களுக்கோ கொடுக்க வேண்டும். ஏரியில் விடவே கூடாது. சக்கர் மீனை அப்படி விட்டுத்தான் நம் ஏரிகளில் வலைக்கு வலை அதுவே வருகிறது.

மட்டுறுத்துநர் – வியாழன் மாலை

அணில் நாளைக்குக் கோப்பை அனுப்ப வேண்டும். வந்த கருத்துகளை எண்ணினேன். பழக்கல் ஐந்து, குடியமர்வு ஒன்று, சுழற்சி ஒன்று. உறைக்கு எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இரண்டாவது சொல்லுக்கு ஒரு பரிந்துரைதான், அதற்கும் எதிர்ப்பு. தொட்டி என்பதன் வேர் பற்றிய விவாதத்தை வேறு தலைப்பில் தொடரவும்.

செவ்வேர் – வியாழன் மாலை

எண்ணிக்கை இலக்கணம் ஆகாது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

அணில் – வெள்ளி

எல்லோருக்கும் நன்றி. ‘தொட்டி பழக்கல்’, ‘உறைப்பஞ்சு’, ‘இலைகரைவு’ மூன்றும் அச்சுக்குப் போய்விட்டன. டவுன்சைசிங்குக்குக் கடைசியில் ‘சின்னத் தொட்டிக்கு மாறுதல்’ என்று எழுதிவிட்டேன். சொல் இல்லை, விளக்கம்தான், தெரியும்.

கடைக்காரர் உறைப்பஞ்சு என்றதும் சிரித்தார். “இத விலைக்கே விக்கலாம்மா” என்று கல்லாவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சை எடுத்து, தண்ணீரோடு பையில் கட்டி, என்னிடமே நீட்டினார். என் வீட்டில் மீன் தொட்டி கிடையாது. ஒரு குறை: மெய்ப்புத்தாளில் ‘தொட்டிப் பழக்கல் (சைக்கிளிங்)’ என்று வந்திருக்கிறது. ஒற்றும் அடைப்புக்குறியும் அச்சகத்தார் கைங்கரியம்.

ஏட்டுச்சுரைக்காய் – வெள்ளி

இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது. கனி தின்றான், தமிழ் கற்றான். ‘தொட்டிப் பழக்கல்’ என்றால் வேறு தொகையாகிவிடும், தொட்டி யாரைப் பழக்குகிறது? உடனே அச்சகத்துக்குத் தொலைபேசுங்கள். குறுக்கத்தைப் பற்றி, தண்ணீர்க் கணக்கு தவிர, இலக்கணப்படி யாரும் மறுக்கவில்லை என்பதையும் கவனிக்கவும்.