‘ஹொக்கே’ என்றால் புரிந்துவிட்டது என்றா அர்த்தம்?
பர்மாவின் நாலு ஊர்களிலிருந்து நாலு தமிழர்கள் பேசுகிறார்கள்.

யாங்கூன்
வணக்கம். பர்மாக்காரரிடம் வேலை விவரம் சொல்லும்போது குளறுபடி பெரும்பாலும் ‘ஹொக்கே’யில் தொடங்குகிறது. நாம் பேசப் பேச, எதிரில் இருப்பவர் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஹொக்கே’ என்பார்; பெண் என்றால் கூடவே ‘ஷின்’ சேர்ப்பார். அந்தச் சொல்லுக்கு ‘ஆமாம்’ என்றும் பொருள் உண்டுதான். ஆனால் பேச்சின் நடுவே வந்தால் அது நம்ம ‘ம்’ கொட்டுவது மாதிரி. காது இங்கே இருக்கிறது, அவ்வளவுதான். சம்மதமும் இல்லை, புரிந்தது என்ற உறுதியும் இல்லை.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்டுப் பயனில்லை, அதற்கும் ‘ஹொக்கே’தான் வரும். ‘சனிக்கிழமை சரக்கு எத்தனை மணிக்கு? எந்த வாசலுக்கு?’ என்று கேளுங்கள். நேரமும் வாசலும் அவர் வாயிலிருந்து வரவேண்டும். அதுவரை சொன்ன விஷயம் உங்களிடமே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மோல்மேன்
அண்ணே, இதோடு ‘ஆனா’ என்ற பர்மியச் சொல்லையும் சேர்க்கணும். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்ற கூச்சம் அது. பெரியவரோ முதலாளியோ சொன்னது விளங்காவிட்டாலும், ‘இன்னொரு தடவை சொல்லுங்க’ என்று கேட்கவே வாய் வராது. அதை அசட்டை என்று நினைத்து நாம் குரலை உயர்த்தினால் ஆள் இன்னும் ஒடுங்கிப்போவார். ‘நான் வேகமா சொல்லிட்டேன், எது விட்டுப்போச்சு?’ என்று குற்றத்தை நம் தலையில் போட்டுக்கொண்டால் பேச்சு வரும். நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாது.

பெகு
போனில் எண் சொல்வது தனித் தலைவலி. 2 ‘ஹ்னிட்’, 8 ‘ஷிட்’, 7 ‘குன்ஹ்னிட்’. கடைசி ‘ட்’ முழுசாக ஒலிக்காது, தொண்டையிலேயே அடைபடும். ஆகவே 2-ஐயும் 8-ஐயும் பிரிப்பது முதல் ஒலி மட்டும். பழைய டெலிபோன் கம்பி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ‘ஷ்’ ஒலியின் மேல்பகுதி அதில் வெட்டுப்படும். ‘குன்’ அமுங்கினால் 7, 2 ஆகிவிடும். செல்போன் எண்ணின் தொடக்கமான 09-ஐச் சொல்லி நிறுத்துங்கள். பிறகு மும்மூன்று எண்ணாகச் சொல்லி, ஒவ்வொரு மூன்றையும் திருப்பிச் சொல்லவையுங்கள்.

பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘ஹ்னதெய்ன்’ என்றால் 2 லட்சம் க்யாட் (பர்மியப் பணம்). ‘தெய்ன் ஹ்னஸெ’ என்றால் 20 லட்சம்; முழுப் பத்துகளில் லட்சம் என்ற சொல் முன்னால் போய்விடும். தொகையைத் தாளில் எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானன், செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதைக் காட்ட 1948-இல் போட்ட படத்தில் ‘இரைச்சல்’ என்று ஒரு பெட்டி வைத்தாரே, இதெல்லாம் அதில் அடங்கும்.

தட்டோன்
அடங்கும், ஆனால் அவர் கணக்கு சமிக்ஞைக்கு. பொருள் என்ன என்பது பொறியாளரின் சிக்கல் அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார். இரைச்சலே இல்லாமல், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டும் தப்பாகப் போவதற்கு ‘வீசை’ என்ற எடை அளவைப் பாருங்கள். தமிழிலிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்ட பெயர். பர்மியர் ‘பெய்த்தா’ என்பார்கள். இங்கத்திய வீசை 100 டிக்கல் (பர்மியச் சிற்றெடை), ஏறத்தாழ 1.63 கிலோ. தமிழ்நாட்டுப் பழைய வீசை 40 பலம், சுமார் 1.4 கிலோ. 10 வீசை பருப்புக்கு 2.3 கிலோ வித்தியாசம்! சொன்னவரும் சரி, கேட்டவரும் சரி. ஊரிலிருந்து வருகிற பெரியவர்களிடம் கிலோவிலேயே பேசிவிடுங்கள்.