கேம்ரி ஹைப்ரிடா, அக்கார்ட் 1.5 டர்போவா? பெட்ரோல் கணக்கு ஒத்து வரவில்லை, உதவுங்கள்

செங்காங்_ஷிப்ட்:

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம். குடும்பத்துக்கு நடுத்தர செடான் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் சிஓஇ, அதாவது 10 வருஷம் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கிற உரிமைச் சான்றிதழ், போகிற விலையில் புதுக்கார் நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சிஓஇ இன்னும் 5 வருஷம் பாக்கி இருக்கிற பழைய காராகப் பார்க்கிறேன். கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறது.

டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட், 2487 சிசி. கேட்கிற விலை 104,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஏஆர்எஃப் (பதிவின்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம்) 34,000.

ஹோண்டா அக்கார்ட் 1.5 டர்போ, 1498 சிசி. கேட்கிற விலை 88,000 வெள்ளி, ஏஆர்எஃப் 26,000.

கேம்ரி விற்பவர், "லிட்டருக்கு 23 கிலோமீட்டர் கியாரண்டி, கூடக் கொடுக்கிற பணத்தைப் பெட்ரோலிலேயே எடுத்துவிடலாம்" என்கிறார். அதே மாடல் வைத்திருக்கும் மச்சான் 18 வந்தாலே பெரிசு என்கிறான். அக்கார்ட் விளம்பரத்தில் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று வேறு மாதிரி போட்டிருக்கிறது. டெஸ்ட் டிரைவில் அதன் மீட்டர் 9.4 காட்டியது. யார் சொல்வதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியவில்லை. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளோடு அம்மாவும் உட்காருவார், அவருக்கு முழங்கால் வலி. வசதிகளைப் பற்றியும் சொன்னால் நல்லது.

காக்கிபுக்கிட்_மெக்கானிக்:

டெஸ்ட் டிரைவ் மீட்டரை விடுங்க தம்பி. அது சும்மா லா. ஷோரூம் வாசல்ல ஏர்கான் போட்டு அரை மணி நேரம் நின்ன வண்டி, அப்புறம் நீங்க ஆக்ஸிலேட்டரை மிதிச்சுப் பார்த்திருப்பீங்க. 9.4 என்ன, 14 கூடக் காட்டும்.

உங்க மச்சான் எப்படி அளந்தாருன்னு கேளுங்க. டேங்க் நிரம்பி நாசில் தானா 'டக்'னு நிக்கிற வரைக்கும் அடிச்சு, டிரிப் மீட்டரை சைபர் பண்ணிட்டு, ஓட்டி முடிச்சு, அதே பம்புல மறுபடி 'டக்' வரைக்கும் அடிச்சுக் கணக்குப் போட்டிருந்தா அவர் சொல்ற 18தான் நிஜம். டேஷ்போர்டு காட்டுறது வழக்கமா கொஞ்சம் நல்லதாவே காட்டும்.

கணக்கு_அக்கா:

தம்பி, முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாங்க. 100ஐ லிட்டருக்குக் கிடைக்கிற கிலோமீட்டரால் வகுத்துவிட்டால் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 23 என்றால் 4.3 லிட்டர். 18 என்றால் 5.6. பணக்கணக்கு போட இதுதான் வசதி. லிட்டருக்கு 10 கொடுக்கிற கார் 12 கொடுத்தால் 100 கிலோமீட்டருக்கு 1.7 லிட்டர் மிச்சம். 20 கொடுக்கிற கார் 22 கொடுத்தால் அரை லிட்டர்கூட மிச்சமில்லை. இரண்டு இடத்திலும் கூடியது அதே 2தான். விற்பவர்கள் கிலோமீட்டரிலேயே பேசுவது ஏன் என்று இப்போது புரியும்.

அடுத்து, விளம்பரத்தில் இருக்கும் எண் எந்தச் சோதனையில் வந்தது என்று பாருங்க. என்இடிசி என்பது ஐரோப்பாவின் பழைய முறை, நிஜ ஓட்டத்தைவிட ரொம்பத் தாராளமாகக் காட்டும். 2017 முதல் அதன் இடத்துக்கு வந்த டபிள்யூஎல்டிபி கொஞ்சம் கண்டிப்பானது. ஜப்பானிலிருந்து இணை இறக்குமதியாக, அதாவது அதிகாரபூர்வ முகவர் அல்லாதவர் மூலம், வந்த கார்களில் ஜேசி08 என்ற ஜப்பானியச் சோதனையின் எண் இருக்கும், அதுவும் தாராளம்தான். ஒரு காரின் என்இடிசியை இன்னொன்றின் டபிள்யூஎல்டிபியோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

இந்த இரண்டு காரும் அமெரிக்காவிலும் விற்றவை. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு எல்லாக் காருக்கும் ஒரே சோதனை முறையை வைத்திருக்கிறது. 2020 மாடல்களுக்கு அது கொடுத்த எண்களை லிட்டராக மாற்றினால், நகர ஓட்டத்தில் அக்கார்ட் 7.8, கேம்ரி ஹைப்ரிட்டின் உயர்ரகம் 5.3. நெடுஞ்சாலையில் அக்கார்ட் 6.2, கேம்ரி 5. இங்குள்ள வண்டிக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை இதை வைத்து நம்பலாம்.

இனி யாரும் உங்களிடம் சொல்லாத விஷயம். இங்கே பெட்ரோல் காருக்குச் சாலை வரி சிசியை வைத்து. 1498 சிசிக்கு வருஷம் சுமார் 683 வெள்ளி. 2487 சிசிக்கு சுமார் 1,783. ஹைப்ரிட் என்பதற்காக யாரும் தள்ளுபடி தரப்போவதில்லை. ஆக, பெட்ரோல் ஒரு சொட்டு போடுவதற்கு முன்பே கேம்ரி வருஷத்துக்கு 1,100 வெள்ளி பின்தங்கி நிற்கிறது.

வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க? எந்த ரோட்டில்?

ஈசூன்_டிரைவர்:

அக்கா சொல்வது சரி, ஆனால் ஓட்டுகிற ஆளைப் பொறுத்தது. நான் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், வருஷம் 50,000 கிலோமீட்டருக்குக் குறையாது, பெரும்பாலும் நகருக்குள். 100க்கு 2.5 லிட்டர் மிச்சம் என்றால் 1,250 லிட்டர் ஆச்சு. கார்டு கழிவு போக லிட்டர் 2.40 என்று வைத்தாலும் 3,000 வெள்ளி. எனக்கு ஹைப்ரிட் தவிர வேறு பேச்சே இல்லை.

மின்கார்_பிரியன்:

இன்னுமா பெட்ரோல்? 2040க்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளை இங்கே ஒழிப்பதாகச் சொல்லிவிட்டார்கள். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார் எல்லாம் தூய்மையான ஆற்றலில் ஓட வேண்டும். பேசாமல் மின்சார செடான் ஒன்றை எடுங்க ப்ரோ. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்துமிடங்களில் இப்போது சார்ஜர் வந்துவிட்டதே.

கணக்கு_அக்கா:

@மின்கார்_பிரியன் நல்ல யோசனைதான். ஆனால் மின்சாரக் காருக்குச் சாலை வரி மோட்டாரின் கிலோவாட்டை வைத்து, அதற்கு மேல் வருஷம் 700 வெள்ளி தனியாக. பெட்ரோலில் தீர்வை கட்டுகிறோமே, அதற்குப் பதிலாக வாங்குவது. தம்பி கேட்டது இந்த இரண்டு காரை. அவர் பட்ஜெட்டில் நிற்போம்.

செங்காங்_ஷிப்ட்:

எல்லாருக்கும் நன்றி. வீடு செங்காங், வேலை துவாஸ். டிபிஇ, எஸ்எல்இ, பிகேஇ, கேஜேஇ, பிஐஇ என்று விரைவுச்சாலைகளிலேயே தீவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை. வார இறுதியில் தேக்கா, கோயில், எப்போதாவது எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர். எல்லாம் சேர்த்து வருஷம் 25,000 கிலோமீட்டர் வரும். காலை ஷிப்டில் விடியுமுன்னே கிளம்பிவிடுவேன், ரோடு காலி. திரும்பும்போதுதான் நத்தை மாதிரி. இவ்வளவு ஓட்டுகிறவனுக்குக் கேம்ரிதானே லாபம்?

கணக்கு_அக்கா:

அப்படித்தான் தோன்றும். ஆனால் நீங்கள் ஓட்டுவது விரைவுச்சாலையில். ஹைப்ரிட் சம்பாதிப்பது நின்று நின்று போகும்போது. பிரேக் போடுகிற சக்தியை பேட்டரியில் சேர்த்து, நெரிசலில் எஞ்சினை அணைத்து மோட்டாரில் நகரும். ஒரே வேகத்தில் 80, 90இல் போகும்போது அந்த வேலைக்கு வாய்ப்பே குறைவு. மேலே கொடுத்த எண்களைப் பாருங்க, நகரத்தில் 2.5 லிட்டர் இருந்த இடைவெளி நெடுஞ்சாலையில் 1.2 ஆகப் பாதியாகிறது.

உங்கள் 25,000இல் 15,000 காலி ரோடு, 10,000 நெரிசல் என்று வைப்போம். 15,000க்கு 180 லிட்டர், 10,000க்கு 250 லிட்டர். மொத்தம் 430 லிட்டர் மிச்சம். லிட்டர் 2.40 என்றால் 1,032 வெள்ளி. சாலை வரியில் கூடக் கட்டுவது 1,100. முடிஞ்சது கதை, கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்ரோல் 3 வெள்ளிக்கு ஏறினால் கேம்ரி வருஷத்துக்கு 190 வெள்ளி முன்னே வரும். குடும்பத்தோடு ஒரு வேளை நல்ல சாப்பாடு.

தேய்மானம்தான் நிஜமான செலவு. 10 வருஷம் முடியும் தறுவாயில் காரை அழிக்கக் கொடுக்கும்போது, உங்கள் காருக்கு அது பதிவான காலத்து விதிப்படி ஏஆர்எஃப்பில் பாதி திரும்பும். கேம்ரிக்கு 17,000, அக்கார்டுக்கு 13,000. அதைக் கழித்து 5ஆல் வகுத்தால் கேம்ரி வருஷம் 17,400, அக்கார்ட் 15,000. வித்தியாசம் 2,400. லிட்டருக்கு 23 ஆகட்டும், 18 ஆகட்டும், இந்த 2,400ஐ பெட்ரோலில் நீங்கள் எடுக்கவே முடியாது.

இன்னொன்று, கடன். இரண்டின் ஓஎம்வியும் (வரிகள் சேராத இறக்குமதி விலை) 20,000ஐத் தாண்டியது என்று ஏஆர்எஃப்பிலிருந்தே தெரிகிறது. ஆகவே 60 சதவீதம்தான் கடன் கிடைக்கும். கையிலிருந்து அக்கார்டுக்கு 35,200, கேம்ரிக்கு 41,600 எடுத்து வைக்க வேண்டும்.

கேம்ரி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் அமைதியும் ஓட்டமும் பிடித்திருந்தால் அதற்குக் காசு கொடுங்க. பெட்ரோல் மிச்சம் என்று சொல்லிக் கொடுக்காதீங்க.

ஈசூன்_டிரைவர்:

அக்காவிடம் கணக்கில் மோத முடியாது. ஒரு சின்ன விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். அக்கார்ட் 1.5தானே, பிறகு சிஓஇ புதுப்பிக்கும்போது சின்னக் கார்களுக்கான ஏ பிரிவில் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ பிரிவுக்கு 1600 சிசிக்குள் இருந்தால் போதாது, 97 கிலோவாட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். டர்போ அதைத் தாண்டிவிடும். இரண்டுமே பி பிரிவுதான்.

பெட்ரோல் இரண்டுக்கும் 95 ஆக்டேன் போதும். 98க்குத் தீர்வையே லிட்டருக்கு 79 காசு, 95க்கு 66. ஜோகூர் போனால் முக்கால் டேங்க் விதி தெரியும்தானே, அந்த அளவாவது பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்டக் கூடாது. அங்கேயும் நமக்கு 97தான், அவர்களுடைய 95 வெளிநாட்டு வண்டிக்குத் தரமாட்டார்கள்.

செங்காங்_ஷிப்ட்:

கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது அக்கா. அப்படியானால் வசதிகளை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எதைப் பார்ப்பது?

காக்கிபுக்கிட்_மெக்கானிக்:

மொதல்ல அம்மாவைக் கூட்டிட்டுப் போய் உட்கார வைங்க. ரெண்டுமே தாழ்வான வண்டி. இறங்கும்போது கையை எங்க ஊன்றாங்க, முழங்கால் முன்சீட்டுல இடிக்குதான்னு பாருங்க. முன்சீட்டை நீங்க ஓட்டுற அளவுக்குத் தள்ளி வச்சுட்டுப் பாருங்க. விற்கிறவங்க முன்னாடி இழுத்து வச்சிருப்பாங்க.

அடுத்தது உங்க பலமாடி கார் நிறுத்துமிடம். நம்ம ஊர்ல ஒரு வண்டிக்கான லாட் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். அக்கார்ட் அகலம் 1.86, கேம்ரி 1.84. ரெண்டு பக்கமும் சேர்த்து மிஞ்சுறது 54, 56 சென்டிமீட்டர்தான். நடுவுல விட்டா ஒரு பக்கத்துக்கு 27. அதுல கதவைத் திறந்து முழங்கால் வலிக்காரங்க இறங்க முடியாது. லாட்டுக்கு வெளியே இறக்கிவிட்டு அப்புறம் பார்க் பண்ணுங்க. நீளம் ரெண்டுமே 4.8ஐத் தாண்டும், மூக்கு வெளியே நீட்டிக்கிட்டுத்தான் நிக்கும். கேமரா தெளிவா இருக்கா, கண்ணாடி தானா மடங்குதான்னு பாருங்க. பிள்ளைங்களுக்குப் பின்னாடி ஏர்கான் காத்து வருதான்னும் பாருங்க. பனரோமா கூரையெல்லாம் நம்ம வெயிலுக்கு எதுக்கு?

யூடியூப்ல அமெரிக்க வண்டி பார்த்துட்டு இங்க அதெல்லாம் இருக்கும்னு நினைக்காதீங்க. முன்வண்டியைப் பார்த்துத் தானா வேகம் குறைக்கிற குரூஸ் கன்ட்ரோல் துவாஸ் வரைக்கும் போற உங்களுக்கு உண்மையிலேயே உதவும். ஸ்டீயரிங்ல பட்டன் இருக்குன்னு விடாம, விரைவுச்சாலையில போட்டுப் பாருங்க.

கேம்ரி எடுக்கிறதா இருந்தா பின் சீட்டுக்குக் கீழே ஓரமா ஒரு காத்துத் துளை இருக்கும். ஹைப்ரிட் பேட்டரி மூச்சு விடுற இடம் அதுதான். பிள்ளைங்க இருந்த வீட்டு வண்டியில அதைத் திறந்தா பிஸ்கட் தூள், முடி, டிஷ்யூ, சில நேரம் ஐம்பது காசு நாணயம்கூட வரும். அடைச்சுக்கிட்டா பேட்டரி சூடாகும், ஆயுசு குறையும். டார்ச் அடிச்சுப் பாருங்க. பேட்டரி வாரண்டி பேப்பர்ல இருக்கா, பெயர் மாறினா தொடருமான்னு எழுத்துல கேளுங்க.

செங்காங்_ஷிப்ட்:

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டையும் பார்த்துவிட்டோம். அவருக்கு அக்கார்டின் பின் சீட்டு பிடித்திருக்கிறது. கேம்ரிதான் சத்தமே இல்லாமல் போகிறது, எனக்கு மனசு அங்கேதான். ஆனால் அக்காவின் 2,400 காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அக்கார்டை 86,000க்குக் கேட்டிருக்கிறேன். அண்ணே, வாங்குவதற்கு முன் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு தடவை பார்த்துத் தர முடியுமா?

காக்கிபுக்கிட்_மெக்கானிக்:

கொண்டு வாங்க. ஆனா நீங்க வண்டி எடுக்கப் போற அன்னைக்கு, முன்கூட்டியே எஞ்சினைப் போட்டு வைக்காதீங்கன்னு விற்கிறவர்கிட்ட சொல்லிடுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க, குளிர்ந்திருக்கணும். நீங்களே ஸ்டார்ட் பண்ணி, மொதல் ஒரு நிமிஷம் வர்ற சத்தத்தை ஃபோன்ல பிடிச்சு எனக்கு அனுப்புங்க. அப்புறம் ஓட்டிட்டு வந்தா லிஃப்ட்ல தூக்கி அடியில பார்த்துடலாம். சர்வீஸ் புக்கை மறக்காதீங்க, கியர்பாக்ஸ் ஆயில் எப்ப மாத்தினாங்கன்னு அதுலதான் இருக்கும்.