புதுப்பிப்பு: காரைக்குடியில் பீட்டா மீனுக்குத் தொட்டி, பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: சின்னக் கண்ணாடிக் குடுவையில் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு அடியிலேயே கிடந்த பீட்டாவுக்குச் சரியான வீடு எப்படி அமைப்பது?

20 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், மூடி வாங்கினோம். தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமான பிறகே மீனை விட்டோம். அப்போதும் மூலையில் ஒடுங்கியே இருந்தது. ஃபில்டரை இயக்கும் காற்று பம்பின் வேகத்தைக் குறைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. நீளத் துடுப்புள்ள மீன் நீரோட்டத்தோடு போராடியே களைத்துவிடும். குழாயில் வால்வு போட்டுக் குமிழிகளைக் குறைத்த அன்றே தொட்டி முழுக்கச் சுற்ற ஆரம்பித்தது, சாப்பாட்டுக்கு மேலே வந்தது. அவ்வளவு சந்தோஷம்! மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். இது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன்.

எதிர்பாராதது வெயில். வளவுப் பக்கம் (வீட்டு நடுமுற்றம்) வைத்திருந்தபோது மதியத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டியது. பாதித் தண்ணீரை இறைத்து, தடித்த சுவர் உள்ள உள்ளறைக்கு மாற்றினோம். இப்போது 28-ஐ ஒட்டியே நிற்கிறது. அப்புறம், காய்ந்த நாட்டு வாதாம் இலை போட்டால் தண்ணீர் டீ நிறமாகும். அது கெடுதல் இல்லை. மருந்து அடிக்காத மரத்து இலையாகப் பார்த்து எடுங்கள்.