பழைய கோடாலியை வீட்டிலேயே புதுப்பித்து வடிவம் மாற்றுவது எப்படி?

கேள்வி: தச்சு பழகுபவர்

நெடுங்காலம் புழக்கமில்லாமல் கிடந்த ஒரு கோடாலி என் கைக்கு வந்திருக்கிறது. தலை மட்டும் ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடை இருக்கும். முழுவதும் துருவேறிக் கிடக்கிறது. வாயின் மேல்மூலையில் கட்டைவிரல் நகமளவு உடைந்திருக்கிறது. பின்பக்கம் சம்மட்டி அடிபட்டு, ஓரங்கள் பிதுங்கி வெளியே மடிந்திருக்கின்றன. காம்பு உளுத்துப்போய் ஆடுகிறது. விறகு பிளப்பதற்கென்றே செய்த தடித்த கோடாலியாகத் தெரிந்தாலும், இரு பக்கங்களையும் மெலிதாக்கி, கிளை வெட்டவும் மரம் செதுக்கவும் ஏற்றதாக மாற்றிக்கொள்ள விரும்புகிறேன்.

என்னிடம் ஆங்கிள் கிரைண்டர், இரண்டு அரங்கள், ஒரு சாணைக்கல் ஆகியவை இருக்கின்றன. துளைக்குள் சிக்கியிருக்கும் பழைய காம்பை நெருப்பில் இட்டு எரித்து எடுக்கலாமா? கிரைண்டரைக் கொண்டே வாயைத் திருத்தலாமா? வேலை முடிந்ததும் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இரும்புக்குப் பழைய பதம், அதாவது கடினத்தன்மை, திரும்பிவிடுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: பழைய இரும்பு

வடிவத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு, அந்தத் தலை இன்னும் உழைக்கத் தகுந்ததுதானா என்று பார்த்துவிடுங்கள். காம்புத் துளையைச் சுற்றியுள்ள பகுதியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்துச் சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால், அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளின்மேல் ஈரக்கோடாகத் தெரியும். துளையின் சுவரில் அப்படியொரு கோடு கண்ணில் பட்டால், அதைச் சரிசெய்ய முயலாமல் ஒதுக்கிவிடுவதே நல்லது.

நெருப்பு வேண்டவே வேண்டாம். வாயில் இருக்கும் பதம், பழுக்கக் காய்ச்சித் தோய்த்தபின் மிதமான சூட்டில் மறுபடி வாட்டி, முறுக்கும் உறுதியும் சேர நிலைப்படுத்தப்பட்டது. தலையை அடுப்பில் போட்டால் எந்தப் பகுதி எவ்வளவு சூடேறியது என்று உங்களுக்குத் தெரியாமலேயே அது போய்விடும். காம்பை வெளியே அறுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மரத்தில் டிரில்லால் நெருக்கமாகத் துளைகளிட்டு, ஒரு கம்பியை வைத்துத் தட்டினால் துண்டு துண்டாக வந்துவிடும். நீங்கள் கேட்ட மறுதோய்ச்சலும் அப்படித்தான்: என்ன எஃகு என்று தெரியாத ஒன்றைத் தண்ணீரில் தோய்த்தால் வாய் விரிசல் விடும் வாய்ப்பு மிகுதி. வாயில் அரம் வைத்துத் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டோ சிரமப்பட்டுக் கடித்தோ போனால் பதம் இருக்கிறது, அதை மீண்டும் ஏற்றவேண்டிய தேவையே இல்லை. வெண்ணெயாய் இழைந்தால்தான் கொல்லரை நாடவேண்டும்.

துருவுக்கு வினிகர் போதும். தலை முழுவதும் அமிழும்படி ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் தேய்த்துக் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் ஒருமுறை அலசி, உடனே துடைத்து உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். உலர்த்தத் தாமதித்தால் கண்ணெதிரே புதுத் துரு பூக்கும். வினிகரால் இன்னொரு நன்மையும் உண்டு: பதமேறிய பகுதியும் பதமேறாத உடற்பகுதியும் அதில் வெவ்வேறு நிறம் கொள்வதால், இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். அந்த எல்லையைப் பார்க்காமல் ஒரு துளி இரும்பைக்கூடத் தேய்த்து எடுக்காதீர்கள்.

பதில்: அரமும் கல்லும்

கிரைண்டரை அடியோடு விலக்கச் சொல்லமாட்டேன்; அதற்குரிய இடம் பின்பக்கம். பிதுங்கி மடிந்த ஓரங்களைக் கட்டாயம் நீக்கியாக வேண்டும், ஏனெனில் அடுத்த அடியில் அவை சில்லாகத் தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். அங்கே பதம் கிடையாது என்பதால் சூட்டைப் பற்றிய கவலையும் இல்லை. கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். பழைய வண்ணப்பூச்சு ஒட்டியிருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே அதைத் தூளாகப் பறக்கவிடாமல் முதலில் சுரண்டி எடுங்கள்.

வாய்ப்பக்கம் மட்டும் கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள். விளிம்பு மெல்லியதாக இருப்பதால் சூடு பரவ இடமின்றி அங்கேயே தேங்கிவிடுகிறது. இளமஞ்சள், பழுப்பு, ஊதா என்று ஓடும் நிறங்கள் நீலத்துக்கு வந்துவிட்டால், அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த நீலத்தைத் தேய்த்து மறைக்கலாமே தவிர, மென்மையாகிவிட்ட எஃகு பழைய நிலைக்குத் திரும்பாது.

அரத்தால் செய்யும்போது தலையை வைஸில் (மேசையில் பொருத்தும் இறுக்குப் பிடியில்) இறுக்கி, கைக்கு நேராக வைத்து, முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இழுத்துத் தேய்த்தால் அரத்தின் பற்கள்தாம் மழுங்கும். தடித்த தோல் கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். சாய்வின்மேல் மார்க்கர் பேனாவால் வண்ணம் தீட்டிக்கொண்டால், அரம் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது ஒவ்வொரு தள்ளலிலும் தெரியும்.

உங்கள் திட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செதுக்கும் கைக்கோடாலிகளின் தலை பெரும்பாலும் 500 முதல் 800 கிராமுக்குள் இருக்கும். ஒன்றரை கிலோ தலையை எவ்வளவு மெலிதாக்கினாலும், துளையை ஒட்டிய தடிமன் அப்படியே இருக்கும். ஒரு கையால் அதைத் தூக்கிச் செதுக்கினால் மணிக்கட்டுதான் நோகும். கிளை வெட்டவும் சிறு மரம் சாய்க்கவும் ஏற்றதாக மாற்றுவது நடக்கக்கூடியது. இரு பக்கச் சாய்வும் சேர்ந்து 25 டிகிரியை ஒட்டி அமையட்டும். பிளக்கும் வேலைக்குத்தான் 30, 35 என்று தடிப்பு வேண்டும். விளிம்புக்குப் பின்னே இரண்டு மூன்று விரற்கடை தூரம் வரை லேசான குவிவாக இழையுங்கள். தட்டையாகச் சீவினால் வாய் மரத்தில் கவ்விக்கொள்ளும்.

கேள்வியாளர்: தச்சு பழகுபவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சாக்பீஸ் சோதனையில் கோடு எதுவும் தெரியவில்லை. வினிகரில் ஊறவைத்த பிறகு, வாயிலிருந்து ஏறக்குறைய இரண்டு விரல் அகலத்துக்குப் பதமேறிய பகுதி கருமையான பட்டையாகத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் உடைந்த மூலையில் மட்டும் அது ஒரு விரலுக்கும் குறைவு. செதுக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். உடைந்த மூலை மறையும் வரை முழு வாயையும் பின்னே தள்ளவேண்டுமா?

பதில்: அரமும் கல்லும்

வேண்டாம். அப்படிச் செய்தால் நல்ல எஃகில் பாதி தூளாகிவிடும். ஒரு அட்டையில் வாயின் வளைவை வரைந்து, மேல்மூலையை மட்டும் சற்று அதிகமாக உருட்டி வெட்டி, அதை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த பள்ளத்தில் பாதி மறைந்தாலே போதும்; மிச்சம் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் தானாகக் குறையும். வெட்டு விழுவது பெரும்பாலும் வாயின் நடுப்பகுதியில்தான் என்பதால், மூலையில் சிறு குறை இருந்தாலும் வேலை தடைபடாது.

வடிவம் வந்ததும் சாணைக்கல்லைச் சிறு வட்டங்களாகச் சுழற்றித் தீட்டுங்கள். மறுபக்கம் விரலால் தடவினால் நெருடும் பிசிறு, வாயின் முழு நீளத்துக்கும் எழுந்த பின்பே பக்கத்தை மாற்றவேண்டும். இறுதியில் தோல் வாரில் இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

பதில்: காம்புக்காரர்

காம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். காம்பின் நுனியை நேராகப் பார்த்தால் தெரியும் ஆண்டு வளைய வரிகள் வாயின் திசையிலேயே ஓட வேண்டும். பக்கவாட்டில் இழை வெளியேறும் கட்டையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுக்காதீர்கள்.

காம்பின் மேல்முனையில் ஆப்புக்கான பிளவைத் துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறுத்துக்கொண்டு, தலையைச் செருகி, தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்து அடிமுனையில் மரச்சுத்தியலால் தட்டுங்கள். கனமான தலை அசையாமல் நிற்க, காம்பு அதற்குள் ஏறிக்கொண்டே போகும். பிறகு கெட்டியான மரத்தில் செதுக்கிய ஆப்பை அடித்து, துளைக்கு மேலே 5 மில்லிமீட்டர் விட்டு அறுங்கள். தலை ஆடினால் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வோர் உண்டு; ஊறிய மரம் இரும்புக்குள் நசுங்கி, காய்ந்தபின் முன்னைவிட அதிகமாகத் தளர்ந்துவிடும்.

காம்புக்கு வார்னிஷைவிட ஆளிவிதை எண்ணெய் கைக்கு இதமானது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். தனித்தனியே விரித்து, வெளியே காயவிட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.